எதிரி வராத ஊர்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1945-இல் 'பர்மா ராணி'யை எடுத்தது இந்த நிறுவனத்தில்தான். ஜப்பானியர் பிடியில் இருந்த பர்மாவில் மாட்டிக்கொள்ளும் இந்திய விமானப்படையினரின் கதை அது. போர் ஆதரவுப் படம் எடுக்கச் சொல்லி வெள்ளைக்கார அரசு தயாரிப்பாளர்களை நெருக்கிய காலம். அதே ஆண்டு ஜெமினி, கொத்தமங்கலம் சுப்புவை வைத்து 'கண்ணம்மா என் காதலி'யை எடுத்தது; போரோடு கொஞ்சம் சிரிப்பும் சேர்ந்தது. அதற்குப் பிறகு நம் சினிமாவில் ராணுவம் என்றால் சல்யூட், தேசியக்கொடி போர்த்திய பெட்டி, அல்லது லீவில் ஊருக்கு வந்து வில்லனைப் புரட்டும் நாயகன். பட்டாளத்தையே நகைச்சுவையின் களமாக வைத்த தமிழ்ப் படம் என்று சட்டென ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

இந்தக் குறையை நிரப்ப யாராவது நினைத்தால், முதலில் கண்ணில் படுவது மேல்நாட்டுத் தொலைக்காட்சியின் பழைய பட்டாள நகைச்சுவைத் தொடர்களாகத்தான் இருக்கும். அவற்றைச் சினிமாவாக்கியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. பெரும்பாலான படங்கள் தோற்றன. பழைய நடிகர்களின் இடத்தைப் புதியவர்களால் நிரப்ப முடியவில்லை என்று வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பி.பி.சி.யின் 'டாட்ஸ் ஆர்மி'யை எடுத்துக்கொள்வோம். ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் எழுதி 1968 முதல் 1977 வரை ஓடிய தொடர், 80 பகுதிகள். 1940 மே மாதம் ஆண்டனி ஈடன் வானொலியில் விடுத்த அழைப்பை ஏற்று, பட்டாளத்துக்கு எடுக்க முடியாத கிழவர்களும் விடலைகளும் சேர்ந்து அமைத்த ஊர்க்காவல் படை பற்றியது. வால்மிங்டன் என்ற கற்பனைக் கடலோர ஊர். எதிர்க்கரையில் ஹிட்லரின் படை. வங்கி மேலாளர் மேனரிங் தன்னைத்தானே கேப்டன் ஆக்கிக்கொள்கிறார். அவர் கீழே சார்ஜண்டாக இருக்கும் வில்சன், வங்கியிலும் அவருக்குக் கீழேதான். ஆனால் பிறப்பிலும் பேச்சிலும் மேல்தட்டு. மேனரிங்குக்கு அது ஒவ்வொரு நிமிடமும் உறுத்துகிறது. கசாப்புக்கடைக்காரர் ஜோன்ஸ் சூடான் போரில் சண்டை போட்டவர். நம் ஊர்களில் கேண்டீன் ரம் பாட்டிலோடு உட்கார்ந்து 71-ஆம் வருஷத்துச் சண்டையை நூறாவது தடவை சொல்லும் மிலிட்டரிக்காரரைப் பார்த்தவர்களுக்கு ஜோன்ஸை அறிமுகப்படுத்தவே தேவையில்லை.

இந்தத் தொடரின் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? அந்த ஆட்கள் கோமாளிகள் என்பதால் மட்டும் இல்லை. ஆபத்து உண்மையானது, அவர்களிடம் ஆயுதம் கிடையாது, இருந்தும் ஜெர்மன்காரன் வந்தால் அந்தக் கிழவர்கள் நிஜமாகவே கரையில் நின்று செத்திருப்பார்கள். இது பார்வையாளருக்குத் தெரியும். எதிரி வரமாட்டான் என்பதும் தெரியும், வரலாறு முடிந்த கதை ஆயிற்றே. இந்த இரண்டு தெரிதல்களுக்கும் நடுவில்தான் ஒன்பது ஆண்டுகளும் சிரித்தார்கள். எதிரி முகம் காட்டிய பகுதிகள் குறைவு. பிடிபட்ட நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் ஹிட்லரைக் கேலி செய்யும் பையனின் பெயரைக் கேட்க, சொல்லாதே என்று மேனரிங் தடுக்கிறேன் பேர்வழி என்று பையனின் பெயரைச் சொல்லியே தடுக்கும் 1973-ஆம் ஆண்டுப் பகுதி பிரிட்டனில் இன்றும் பேசப்படுகிறது. எதிரி அங்கே கைதி. சிரிப்பு பிறந்தது சண்டையில் இல்லை, பேச்சில்.

சினிமாவுக்கு அது போதாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சம்பவம் வேண்டும், சம்பவத்துக்கு ஒரு முடிவு வேண்டும். 1971-இல் நார்மன் கோஹன் இயக்கிய முதல் படத்தில் ஆர்தர் லோ, ஜான் லெ மெஷூரியர், கிளைவ் டன் என்று மூல நடிகர்களே பெரும்பாலும் இருந்தார்கள். எழுத்தும் அதே இருவர். ஆள் மாறியதால் தோற்றது என்ற வாதம் இங்கேயே அடிபடுகிறது. முதல் பாதி, படை உருவாகும் கதையை மறுபடி சொல்கிறது. அது தொடரின் ஒரு நல்ல பகுதியை நீட்டியதுபோல, கூச்சமில்லாமல் சிரிக்க வைக்கிறது. ஒத்திகையில் பாலம் அறுந்து, குதிரைமேல் இருந்த தளபதி ஆற்றோடு மிதந்து போகும் காட்சி பெரிய திரைக்கென்றே செய்தது, நன்றாகவும் இருக்கிறது. பிறகு ஜெர்மன் விமானிகள் தேவாலயக் கூடத்தில் ஊர்மக்களைப் பிணைக்கைதிகள் ஆக்குகிறார்கள். மேனரிங் நிஜமாகவே துப்பாக்கி முன் நிற்கிறார். அவர் தைரியசாலி என்பதை நாம் தொடர் முழுதும் ஊகித்திருந்தோம், இப்போது காட்டிவிட்டார்கள். ஊகத்தில் இருந்த ருசி நிரூபணத்தில் இல்லை. ஆனாலும் படம் மோசமில்லை. பாதிப் படம் தேறுகிறது.

ஆலிவர் பார்க்கர் இயக்கிய 2016 படத்துக்கு அந்தச் சலுகையும் கொடுக்க மாட்டேன். டோபி ஜோன்ஸ், பில் நை, மைக்கேல் கேம்பன், டாம் கோர்ட்னி: இதைவிட நல்ல பட்டியல் கேட்க முடியாது. குறிப்பாக, காட்ஃபிரே என்ற கிழவராக வரும் கேம்பனின் நடிப்பு, மூலத்தின் பக்கத்தில் கூச்சமின்றி நிற்கும். தவறு கதையைத் தீட்டிய மேசையில் நடந்திருக்கிறது. காலத்தை 1944-க்குத் தள்ளிவிட்டார்கள். அப்போது படையெடுப்பு பயமே விலகியாயிற்று. உண்மையான ஆபத்து போனதும், அந்த இடத்தில் வைக்க ஒரு பெண் உளவாளி தேவைப்படுகிறாள்; கேதரின் ஸீட்டா ஜோன்ஸ் வருகிறார்; கிழவர்கள் மயங்குகிறார்கள்; கடைசியில் கடற்கரையில் துப்பாக்கிச் சண்டை. இதைவிடப் பெரிய பிழை மேனரிங்கின் மனைவியைத் திரையில் கொண்டுவந்தது. தொடர் முழுதும் அந்த அம்மாள் முகம் காட்டவே இல்லை. தொலைபேசியில் கணவர் பதுங்குவதை வைத்தே நாம் அவளை வரைந்துகொண்டோம். படத்தில் அவள் சீருடையோடு, மிடுக்கோடு, பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி வருகிறாள். பெண்களுக்கு வேலை கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே. அதற்குக் கதையில் வேறு பத்துப் பெண்கள் இருந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2019-இல், பி.பி.சி. அழித்துவிட்ட மூன்று பகுதிகளைப் பழைய கையெழுத்துப்படியிலிருந்து இன்னொரு தொலைக்காட்சி மறுபடி எடுத்தது. எல்லோரும் புது நடிகர்கள். கெவின் மெக்னலி மேனரிங் ஆனார். அரைமணி நேரம், சில அறைகள், பழைய வசனம். அது உயிரோடு இருந்தது. மேல்சட்டையை மாற்றலாம், சட்டகத்தை மாற்ற முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் 'சார்ஜண்ட் பில்கோ' இதற்கு நேர் எதிர்த்திசை. 1955 முதல் 1959 வரை ஃபில் சில்வர்ஸ் நடித்த தொடர். கான்சாஸ் மாநிலத்தின் நடுவே, போரே எட்டாத ஒரு முகாம். வண்டிப் பிரிவு சார்ஜண்டுக்குச் செய்ய வேலை இல்லை, மூளை இருக்கிறது, சூதாட்டமும் மோசடியும்தான் வழி. வாரா வாரம் திட்டம் போட்டு, வாரா வாரம் கோட்டை விட்டு, மறுவாரம் அதே வறுமையில் தொடங்குவான். 1996-இல் ஸ்டீவ் மார்ட்டின் நடித்த படத்தில் மிதக்கும் டாங்கி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் சோதனையிலேயே தில்லுமுல்லு செய்து பில்கோவை ஜெயிக்க வைத்தார்கள். ஜெயித்த பில்கோ வெறும் திருடன். இத்தனைக்கும் இயக்குநர் ஜொனாதன் லின், 'எஸ் மினிஸ்டர்' எழுதிய இருவரில் ஒருவர். அதிகார வர்க்கம் அசையாமல் இருப்பதிலிருந்து நகைச்சுவை பிழிந்த கை அது!

நம்மவர்களிடம் பட்டாளத் தொடர் இல்லை. தொடர் சினிமாவான கதை உண்டு. இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் நடத்திய நகைச்சுவை நாடகம் 1976-இல் 'கோமாளிகள்' என்ற படம் ஆனது. மரைக்கார், யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி, ஐயர், சிங்களவாடை அடிக்கும் தமிழ் பேசும் உபாலி என்று நான்கு பேச்சுகள் மோதுவதுதான் அதன் உயிர். அந்தக் குரல்கள் கதையின் சம்பவத்தை நம்பி இருக்கவில்லை, ஒன்றோடொன்று உரசுவதையே நம்பின. ஆகவே ஒலிபெருக்கியிலிருந்து திரைக்கு வந்தபோது தாங்கின. மேனரிங்கும் வில்சனும் உரசுவதும் இந்த வகைதான். தழுவ வருபவர் காப்பாற்ற வேண்டியது இந்த உரசலை.

சரி, தமிழில் எடுப்பதானால் எங்கே? களம் 1942 ஏப்ரலில் தயாராக இருக்கிறது. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டு விழுந்து, அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே சொல்லி, சென்னை காலியானது. மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைக்கூடச் சுட்டார்கள். இவ்வளவு அமளிக்குப் பிறகு 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து துறைமுகத்தில் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. எந்த எழுத்தாளரும் கற்பனை செய்யத் துணியாத ஏற்பாடு. 'டாட்ஸ் ஆர்மி'யைத் தழுவ நினைப்பவர் மெரினாவை விட்டு நகரக் கூடாது. அங்கேதான் ஆபத்து நிஜம்.

மாறாக, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி மேலேறி, ஏற்காட்டை மேனரிங்கின் ஊராக ஆக்கினால் படம் கெட்டுவிடும். கடல் இல்லை, விமானம் தேடி வர ஒரு காரணமும் இல்லை. 1,500 மீட்டர் உயரத்துக் காப்பித் தோட்டத்தில் கம்பு பிடித்து ஜப்பானியரை எதிர்நோக்கும் ஆட்களைக் காட்டினால், அது அவர்களின் முட்டாள்தனத்தைச் சிரிப்பதாகவே முடியும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பில்கோவுக்குச் சொந்தமான நிலம். போர் எட்டாத இடம், சும்மா இருக்கும் மூளைகள், பட்டணத்திலிருந்து பயந்து ஓடிவந்து வாடகை பங்களாவில் குந்தியிருக்கும் வக்கீல்கள். அவர்களில் ஒருவர் ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்பு) வார்டன் பட்டையைக் கையில் கட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேடீஸ் சீட் என்ற மலை முனையில் நின்று கீழே சேலத்தில் எந்த வீட்டு விளக்கு எரிகிறது என்று எண்ணித் தந்தி அடிக்கிறார். அவருக்குத் துணை வார்டனாக ஒரு எஸ்டேட் கணக்குப்பிள்ளை. காலையில் தொரை முன் கைகட்டி நிற்பவர், இரவில் அதே தொரை வீட்டு வாசலில் நின்று, "வெளக்க அணைங்க தொரை, ஆர்டர்" என்கிறார். வங்கியில் வில்சன் இருக்கும் இடத்தைவிட இது கூர்மையான தலைகீழ். இங்கிலாந்தின் வர்க்கக் கேலியை இறக்குமதி செய்யாமல், நம் நிலத்தில் விளைந்தது. இதற்கு ஒரு விலை உண்டு: அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை வெறும் பின்னணி ஆட்களாக நிறுத்தினால் கேலி தவறான திசையில் பாயும். பெர்ரியும் கிராஃப்டும் தேவ்லாலி ராணுவ முகாமை வைத்து எழுதிய அடுத்த தொடரில், இந்தியப் பணியாளாக வெள்ளைக்கார நடிகரை முகத்தில் மை பூசி நிறுத்தியதால், அதை மறுஒளிபரப்பவே இன்று தயங்குகிறார்கள்.

ஆக என் தீர்ப்பு: ஏற்காட்டில் எடுக்க வேண்டியது ஆறு பகுதித் தொடர். தயாரிப்பாளர் படமாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இடைவேளை வரை தந்திகள், அதற்கு மேலும் தந்திகள். உச்சக்கட்டத்தில் ஜப்பானியன் பாராசூட்டில் குதிக்கக் கூடாது, உளவாளி பெண்ணும் வரக் கூடாது. வக்கீலின் மனைவி பங்களாவுக்குள்ளிருந்து கூப்பிடட்டும், திரைக்கு வர வேண்டாம்.