நா. முத்துக்குமார்: பள்ளிப் பருவத்தின் பாடலாசிரியர்

நா. முத்துக்குமார் (1975–2016) காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்தில் பிறந்தவர். ‘காதல் கொண்டேன்’ (2003), ‘7ஜி ரெயின்போ காலனி’ (2004) படங்களின் பாடல்கள் வந்தபோது நாங்கள் பள்ளிச் சிறுவர்கள். காதலும் பிரிவும் இன்னதென்று தெரியாத வயது. ஆனாலும் சொற்கள் விளங்கின. அவை வீட்டிலும் தெருவிலும் பேசிய சொற்கள். பொருள் பின்னாளில் வந்து சேர்ந்தது.

அவரைக் காதல் பாடலாசிரியர் என்று மட்டும் சொல்வது குறைவான மதிப்பீடு. அவர் பெற்ற இரண்டு தேசிய விருதுகளும் சிறுமியரை மையமாகக் கொண்ட ‘தங்க மீன்கள்’ (2013), ‘சைவம்’ (2014) படங்களின் பாடல்களுக்கே கிடைத்தன. ‘சைவம்’ பாடலைப் பாடிய சிறுமி உத்ரா உன்னிகிருஷ்ணனுக்கும் அதற்காகவே தேசிய விருது கிடைத்தது. குழந்தையின் வாயில் இயல்பாகப் பொருந்துமாறு எழுதுவது எளிதன்று.

ஏராளமாக எழுதியதால் மழை, நிலவு போன்ற படிமங்கள் அவரிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. இது குறையே. ஆனால் ‘தங்க மீன்கள்’ பாடலில் அதே பழைய படிமங்கள் ஒரு தந்தையின் பேச்சாக மாறி உயிர் பெறுகின்றன. அவரோ சிறுவயதிலேயே தாயை இழந்து, தந்தையின் நிழலில் வளர்ந்தவர்.

41ஆம் வயதில் மறைந்தார். அன்று பொருள் தெரியாமல் பாடிய நாங்கள், இன்று பொருள் தெரிந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பாடுகிறோம்.