28 விநாடிகளின் நியாயம்

2021 ஆகஸ்ட் 1. டோக்கியோ ஒலிம்பிக்ஸின் 'ஈவென்டிங்' குதிரையேற்றப் போட்டியில் கிராஸ் கன்ட்ரி சுற்று. பெங்களூரு வீரர் ஃபவாத் மிர்ஸா, 15 வயதுக் குதிரை செனியோர் மெடிகாட்டில் கிளம்பினார். முதல் சுற்றான டிரெஸ்ஸாஜில் 28.00 அபராதப் புள்ளிகளோடு ஒன்பதாவது இடம். இந்தியர் ஒருவர் அவ்வளவு மேலே நின்றதைப் பார்த்துப் பழக்கமில்லாத நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கிராஸ் கன்ட்ரியை 7 நிமிடம் 45 விநாடியில் முடிக்க வேண்டும். அவர் 28 விநாடி தாமதமாக வந்தார். விநாடிக்கு 0.4 வீதம் 11.20 அபராதம் ஏறியது. ஒன்பதிலிருந்து இருபத்திரண்டாவது இடத்துக்கு இறங்கினார்.

அன்று பலர் அதைச் சறுக்கல் என்றார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. இந்தச் சுற்றில் குதிரை ஒரு தடையின் முன் மறுத்து நின்றால் 20 புள்ளி அபராதம். இருபது புள்ளி என்றால் ஐம்பது விநாடித் தாமதத்துக்குச் சமம். மிர்ஸாவின் குதிரை எங்கும் மறுக்கவில்லை, எல்லாத் தடைகளையும் சுத்தமாகத் தாண்டியது. அடுத்த ஷோ ஜம்பிங் சுற்றில் இரண்டு கட்டைகள் விழுந்து மொத்தம் 47.20 ஆனபோது அவர் இருந்தது 25-ஆவது இடம். இன்னொரு ஷோ ஜம்பிங்கான இறுதிச் சுற்றுக்குப் போவதும் 25 பேர்தான். கிராஸ் கன்ட்ரியில் நேரத்தைத் துரத்திப் போய் ஒரே ஒரு தடையில் குதிரை நின்றிருந்தால், ஒரு விநாடிகூடத் தாமதமாகாமல் வந்து சேர்ந்திருந்தாலும் கணக்கு 56.00 ஆகியிருக்கும். இறுதிச் சுற்று கைநழுவியிருக்கும். அவர் 59.60 புள்ளிகளோடு 23-ஆவதாக முடித்தார். 2000 சிட்னியில் இம்தியாஸ் அனீஸ் பிடித்ததும் அதே இடம்தான். 28 விநாடியை விட்டுக்கொடுத்ததால்தான் அவர் கடைசிச் சுற்று வரை களத்தில் நின்றார்.

வானிலை முகம் சுளிக்கும்போது ஈவென்டிங்கில் வெல்ல வைப்பது எது என்ற கேள்விக்கும் என் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. துணிச்சல் எல்லாருக்கும் இருக்கிறது. எந்த இடத்தில் கடிகாரத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று குதிரையின் முதுகில் இருந்தபடியே முடிவெடுப்பவர்தான் ஜெயிக்கிறார்.

விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே வீரர், ஒரே குதிரை, மூன்று தேர்வுகள். டிரெஸ்ஸாஜில் அடக்கமும் ஒழுங்கும் பார்க்கிறார்கள். கிராஸ் கன்ட்ரியில் மேடு பள்ளம், மரக்கட்டை, அகழி, தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். ஷோ ஜம்பிங்கில் முந்தைய சுற்றின் களைப்போடு, லேசாகப் பட்டாலே விழும் கட்டைகளைத் தாண்ட வேண்டும். விழும் ஒவ்வொரு கட்டைக்கும் 4 புள்ளி. குறைந்த அபராதம் பெற்றவருக்குத் தங்கம். குதிரைப்படை அதிகாரிகளின் தேர்வாகத் தொடங்கிய இது 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் நுழைந்தது. பெண்கள் பங்கேற்க 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண்ணானார்.

தோலும் காலணியும்தான் இன்று நம் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தின் அடையாளம். ஆனால் இந்த விளையாட்டைத் தந்த குதிரைப்படைக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1806 ஜூலை 10 காலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த செய்தி எட்டியதும், பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை ஆற்காட்டிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் பாய்ந்து வந்தது. அந்தக் காலையின் ரத்தத்தை நாம் மறக்க முடியாது. ஒரு குதிரை தூரத்தையும் வேகத்தையும் எப்படிப் பங்கிட்டுக் கொள்கிறது என்பதும் அந்தப் பயணத்தில் இருக்கிறது. ராணிப்பேட்டை என்ற பெயரே செஞ்சி ராஜா தேசிங்கின் ராணி நினைவாக ஆற்காடு நவாப் சூட்டியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தத் தேசிங்கின் கடைசிப் போர் வெள்ளத்தில்தான் தொடங்கியது. 1714 அக்டோபரில் ஆறு பெருக்கெடுத்து ஓட, தயங்கி நின்ற படையைப் பின்னால் விட்டுவிட்டு அவர் சிலரோடு நீரில் இறங்கினார். கதைப்பாடல் அவருடைய குதிரை பாரசாரியைக் கொண்டாடுகிறது. அந்த வீரத்துக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அலசல் எழுதுபவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: குதிரை ஆற்றைக் கடந்தது, படை கடந்ததா? வெள்ளம் வடியும்வரை காத்திருந்தால் தேசிங்கு எத்தனை பேரோடு எதிரியைச் சந்தித்திருப்பார்? நேரத்தைக் கொடுத்து வலிமையைக் காப்பாற்றும் கணக்கு அங்கேயும் இருந்தது.

விளையாட்டு வரலாற்றில் மழைக்குப் பெயர்போனது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ். வாயே தே பிராவோ மலைப்பகுதியின் அவாண்டரோவில் கிராஸ் கன்ட்ரி நடந்தது. காலையில் கிளம்பியவர்களுக்குக் காய்ந்த தரை. மதியத்துக்கு மேல் வானம் பொத்துக்கொண்டது. ஓடைகள் கரை புரண்டு, பாதையில் இருந்த தடையைக்கூடத் தண்ணீர் விழுங்கியது. பிரிட்டன் அணியின் பென் ஜோன்ஸும் ரிச்சர்ட் மீடும் அந்த மழைக்கு நடுவே போக வேண்டியிருந்தது. ஆனாலும் அணித் தங்கம் பிரிட்டனுக்குத்தான். அதே அணியில் இருந்த ஜேன் புல்லன், ஈவென்டிங்கில் தங்கம் வென்ற முதல் பெண் என்று பெயரெடுத்தார். ஒரே பாதை, ஒரே நாள், ஆனால் கிளம்பும் வரிசை எண் ஆட்டத்தையே மாற்றியது. கிரிக்கெட்டில் டாஸ் தோற்று ஈர ஆடுகளத்தில் பேட்டிங் செய்வதைப் போன்றதுதான் இது. அதிர்ஷ்டம் கெட்டவருக்கும் ஆடும் முறை என்று ஒன்று உண்டு.

அந்த முறை என்ன? தரையிலிருந்து தொடங்குவோம். குதிரை பாயும்போது ஒரு கட்டத்தில் உடலின் மொத்த எடையும் ஒரே காலில் விழுகிறது. ஈரமண்ணில் குளம்பு புதைகிறது, இழுத்து எடுக்கக் கூடுதல் பலம் தேவை. தடையின் முன்னால் எம்பும் இடம் சேறாக இருந்தால் குதிரை தன் உயரத்தில் கொஞ்சத்தை அங்கேயே இழக்கிறது. வழுக்கினால் முன்னங்கால் தசைநாண் கிழியும் அபாயம் இருக்கிறது. பின்னால் கிளம்புபவருக்கு, முன்னே போனவர்கள் உழுதுவிட்டுப் போன தரைதான் மிச்சம்.

இதற்கு முதல் தற்காப்பு லாடத்தில் இருக்கிறது. லாடம் அடிக்கும்போதே அதில் மரை போட்ட துளைகள் விடுகிறார்கள். போட்டி நாளில் அந்தத் துளைகளைச் சுத்தம் செய்து, தரைக்கேற்ற குமிழ் ஆணிகளைத் திருகுகிறார்கள். இறுகிய தரைக்குச் சிறிய கூர் ஆணி, சேற்றுக்குப் பெரிய சதுர ஆணி. பின்னங்கால்தான் உந்துசக்தி என்பதால் பெரியவை அங்கே போகும். பிடிப்பு தேவைக்கு மேல் இருந்தாலும் ஆபத்துதான். குளம்பு கொஞ்சம்கூட நழுவாமல் சட்டென்று நின்றால், அந்த அதிர்ச்சியை மூட்டுதான் வாங்கும். சுற்று முடிந்ததும் முதல் வேலையாக ஆணிகளைக் கழற்றிவிடுவார்கள்.

அடுத்தது தோல் சாமான். இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நனைந்த தோல் கையில் வழுக்கும், இழுத்தால் நீளும். கழுத்து முதுகுப் பகுதித் தோலில் வெட்டிய வார் தாங்கும், வயிற்றுப் பகுதித் தோலில் வெட்டியது கொடுக்கும். அங்கவடி வார் ஒரு பக்கம் அரை அங்குலம் நீண்டாலே வீரரின் சமநிலை கெடும். நனைந்த தோல் வழுக்கும் என்பதால்தான் கிராஸ் கன்ட்ரியில் ரப்பர் போர்த்திய கடிவாள வார்களைப் பிடிக்கிறார்கள். போட்டி முடிந்து நனைந்த சேணத்தை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் விறைத்து வெடித்துவிடும். ஈரத் துணியால் சேற்றைத் துடைத்து, நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே எண்ணெய் பூச வேண்டும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட காலத்திலிருந்தே ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது கைவந்த அறிவு. இந்தியாவின் சேணத் தொழில் கான்பூரில் வேரூன்றியது. நம் வட்டாரம் காலணியில் கவனம் வைத்தது. அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மழையில் நனைந்தாலும் நீளாத, வழுக்காத சேண வார் இந்த மண்ணிலிருந்து வர எந்தத் தடையும் இல்லை. அப்படி ஒன்று வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மூன்றாவது தற்காப்பு பாதை அறிவு. போட்டிக்கு முன் வீரர்கள் பாதை முழுவதையும் பலமுறை நடந்தே பார்ப்பார்கள். கடினமான தடைகளில் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும். குறுக்குவழி கடினம், நேரம் மிச்சம். சுற்றுவழி சுலபம், சில விநாடிகள் போகும். மழை வந்தால் இந்த இரண்டின் விலையும் மாறிவிடுகிறது. சுற்றுவழியில் பத்து விநாடி போனாலும் 4 புள்ளிதான். சேற்றில் குறுக்குவழியை முயன்று குதிரை நின்றால் 20. வீரர் விழுந்தால் போட்டியே முடிந்தது. முந்தின நாள் போட்ட திட்டத்தைக் காலையில் பெய்த மழைக்குப் பிறகும் மாற்றாமல் வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் வீழ்கிறார்.

நம் காலத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரிட்டனின் ராஸ் கேன்டர். 2018-இல் அமெரிக்காவின் டிரையனில் உலகப் போட்டி நடந்தபோது ஃபுளோரன்ஸ் சூறாவளி வந்தது. ஈவென்டிங்கின் ஷோ ஜம்பிங் சுற்றையே ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்கித் தங்கம் வென்றவர் அவர். 2023 மே மாதம் இங்கிலாந்தின் பேட்மிண்டனில் தொடர்மழையில் பாதை சேறானது, பாதையின் நீளத்தைக் குறைத்தார்கள். லார்ட்ஷிப்ஸ் கிராஃபலோ என்ற குதிரையோடு அங்கே வென்றதும் அவர்தான். இரண்டு இடங்களில் இரண்டு வகையான மழை, ஆனால் வென்றவர் ஒருவரே. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

வேலூர்க்காரர்களுக்கு மோசமான வானிலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெயில். குதிரைக்கும் மழையைவிட வெயில் கொடியது. அரை டன் எடையுள்ள உடல் ஓடும்போது உண்டாகும் சூடு வேர்வையில் மட்டும் தணியாது, புழுக்கத்தில் வேர்வையும் காயாது. இந்திரஜித் லாம்பா இந்தியாவுக்காக ஆடிய 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸின்போது, சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை இறுகிவிடும் என்ற பழைய நம்பிக்கையை ஆராய்ச்சி உடைத்தது. குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்றுவதே உயிர் காக்கும் என்று தெரிந்தது. டோக்கியோவில் கிராஸ் கன்ட்ரியை அதிகாலையிலேயே தொடங்கினார்கள். பனிக்கட்டி நீரும் நீர்த்துளி தூவும் விசிறிகளும் தயாராக இருந்தன. அத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவில், சுவிட்சர்லாந்தின் ஜெட் செட் என்ற குதிரை அதே பாதையில் கால் தசைநார் அறுந்து, மீட்க முடியாமல் கருணைக்கொலை செய்யப்பட்டது. இந்த விளையாட்டில் தவறும் ஒரு விநாடிக்கு விலை கொடுப்பது வாயில்லா ஜீவன். எழுதும் எவரும் இதை மறக்கக் கூடாது.

இந்தியாவின் கணக்குக்கு வருவோம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தங்கம், குலாம் முகமது கான் வெள்ளி, பிரகலாத் சிங் வெண்கலம், அணித் தங்கமும் நமக்கே. பிறகு 36 ஆண்டுகள் தனிநபர் பதக்கமே இல்லை. 2018 ஜகார்த்தாவில் மிர்ஸா 22.40-இல் முன்னணியில் நின்றார். கடைசிச் சுற்றில் ஒரு கட்டை விழுந்தது, 26.40 ஆனது. 22.70-இல் முடித்த ஜப்பானின் ஓய்வா யோஷியாகி தங்கத்தைக் கொண்டுபோனார். அணியும் வெள்ளி வென்றது. டோக்கியோவிலும் கடைசி நாள் ஷோ ஜம்பிங்கின் இரண்டு சுற்றுகள்தான் அவரிடமிருந்து 20.40 புள்ளிகளைப் பறித்தன. கிராஸ் கன்ட்ரியில் இழந்ததைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெயிலோ சேறோ குதிரையிடமிருந்து எடுத்துக்கொண்ட பலத்தின் பில் மறுநாள்தான் வருகிறது. ஆகவே நம் தயாரிப்பில் குறை எங்கே என்றால், களைத்த குதிரையை அடுத்த நாள் காலை புத்துணர்வோடு நிறுத்தும் கலையில்தான் என்பது என் தீர்மானம்.

2026 ஆசிய விளையாட்டுப் போட்டிகள் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில், செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. அது ஜப்பானில் சூறாவளிக் காலம். மணல் பரப்பிய மைதானத்தில் மட்டுமே பழகும் குதிரைக்கு அங்கே காலூன்ற இடமிருக்காது. ஈரப் புல்வெளியில், பருவமழையில், தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பயிற்சி முகாம்கள் நடக்க வேண்டும். ஆணி மாற்றுவது, சுற்றுவழியைத் தேர்ந்தெடுப்பது, நடுவழியில் கையை உயர்த்தி, 'இன்றைக்குப் போதும்' என்று குதிரையை நடத்தி அழைத்து வருவது, இவை எல்லாவற்றையும் பழக்க வேண்டும். அப்படி விலகிவந்த வீரரைத் தேர்வாளர்கள் பட்டியலிலிருந்து நீக்கினால், அடுத்தவர் விலகத் துணிய மாட்டார், குதிரைதான் பலியாகும். விலகியதன் காரணத்தைக் கேட்டு, சரியென்றால் அதை அவருடைய தகுதியாகவே குறித்துக்கொள்ளும் தேர்வுக்குழு நமக்கு வேண்டும்.