ஒரு சாண் ஆழம்

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழையும்போது உடம்பைத் தடவி 'கீ... கீ...' என்று கத்துமே, அந்தக் கைக்கருவியின் பெரியண்ணன் பற்றி இந்த வாரம். நீளக் கம்பு, நுனியில் தோசைக்கல் சைசில் ஒரு வட்டு. மெட்டல் டிடெக்டர். அதிலும் ஆரம்ப விலை ரகம். அதிலும் செகண்ட் ஹேண்ட். 'இது எனக்கு எதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இரண்டு மாதம் முன்பு வரை எனக்கும் தேவைப்படவில்லை.

ஆனையூரில் எங்கள் தெருவில் ஒரு அக்கா. பக்கத்துக் காலி மனையில் கீரையும் கத்தரியும் போட்டிருக்கிறார். களை பறிக்கும்போது தாலிச் செயின் அறுந்து விழுந்துவிட்டது. தெருவே கூடிச் சலித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் வந்தார். "சார், மஞ்சக் கயித்தைக் கட்டிக்கிட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கா. பாக்க முடியலை. பழைய டிடெக்டர் ஒண்ணு வாங்கிரலாமா?"

இப்படித்தான் ஒப்பிடும் வேலை என் தலையில் விழுந்தது.

செகண்ட் ஹேண்டில் தேடினால் மூன்று பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். பவுண்டி ஹண்டர் டிராக்கர் 4: முள் மீட்டர், இரண்டு 9 வோல்ட் பேட்டரி, 6.6 கிலோஹெர்ட்ஸ். தாத்தா காலத்து ரேடியோ மாதிரி. சத்தம் போடும், விளக்கம் சொல்லாது. காரெட் ஏஸ் 250: 6.5 கிலோஹெர்ட்ஸ், ஐந்து மோடு, சின்னத் திரை, இடத்தைக் குறிபார்க்கத் தனி பட்டன், நான்கு பென்சில் செல். நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ்: துருக்கிச் சரக்கு, 2019-ல் வந்தது. 12 கிலோஹெர்ட்ஸ், மூன்று மீட்டர் தண்ணீரில் முக்கலாம், மண்ணுக்குத் தகுந்தபடி சரிசெய்துகொள்ளலாம்.

விற்பவர்கள் எல்லோரும் பேசுவது ஆழத்தைப் பற்றித்தான். ஆறடி, எட்டடி என்பார்கள். நம்பாதீர்கள். இந்த விலை ரகத்தில் ஒரு ரூபாய் சைஸ் காசு என்றால், நல்ல மண்ணில் ஒரு சாண். அவ்வளவுதான்.

ஆழம் பற்றிக் கேட்பதற்கு முன், மண்ணைப் பற்றிக் கேளுங்கள். நம் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். மெஷினுக்கு அதுவும் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கழித்துவிட்டுக் கேட்கும் வசதி ஏஸ் 250-ல் ஃபாக்டரியிலேயே நிர்ணயித்தது, மாற்ற முடியாது. சிம்ப்ளெக்ஸில் மாற்றலாம். சின்னத் தங்க நகைக்கு அதிக கிலோஹெர்ட்ஸும் நல்லது. ஆக, பேப்பரில் ஜெயிப்பது சிம்ப்ளெக்ஸ். ஆனால் அதன் பேட்டரி உள்ளேயே வைத்தது. பழசு வாங்குகிறவர் அடுத்தவர் கிழடாக்கிய பேட்டரியையும் சேர்த்து வாங்குகிறார். பென்சில் செல் போடும் மெஷினில் அந்தக் கவலை இல்லை. பெட்டிக்கடையிலேயே ஆயுள் கிடைக்கும்.

பழசு பார்க்கும்போது மேஜை மேல் காட்டினால் ஏமாறாதீர்கள். தரைக்கு வாருங்கள். பேட்டரி அறையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? வட்டுக்குப் போகும் ஒயரை ஆட்டினால் தானாகக் கத்துகிறதா? வட்டை லேசாகத் தட்டினால்? கத்தினால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு நான்கு பொருள்களைத் தரையில் போட்டுப் பாருங்கள்: ஆணி, மாத்திரை அட்டை, மோதிரம், ஒரு ரூபாய் நாணயம். நம் நாணயம் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் சில மெஷின்கள் அதை ஆணியோடு சேர்த்துவிடும். இந்தத் திரைகள் அமெரிக்கச் சில்லறைக்காக எழுதப்பட்டவை. 25 சென்ட்டை அங்கே 'குவார்ட்டர்' என்பார்கள். எங்களுக்கும் திரை அதைத்தான் காட்டியது. தோண்டினால் குவார்ட்டர்தான், பாட்டில் மூடி!

இரண்டு விஷயங்களைத் தொடவே தொடாதீர்கள். ஒன்று, செல்போன் ஆப். அது போனுக்குள் இருக்கும் காந்த சென்சாரை வைத்து இரும்பைச் சொல்லும். தங்கத்துக்கு வாய் திறக்காது. இரண்டு, 'தங்கத்தை மட்டும் தூரத்திலிருந்தே காட்டும்' ஆன்டெனாக் குச்சிகள். கைப்பிடியில் ஒரு குச்சி, நம் கை அசைந்தால் அதுவும் அசையும். ஏடிஈ 651 என்று ஒன்றை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று இராக்குக்கு விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆங்கிலேயர். அதன் மூலம், கோல்ஃப் பந்து தேடித் தரும் என்று விற்ற விளையாட்டுச் சாமான். பாக்தாத் செக்போஸ்ட்களில் உயிர்கள் அதை நம்பி நின்றன. 2013-ல் அவருக்குப் பத்து வருடம் ஜெயில். புதையல் குச்சியும் அதே ஜாதி.

கடைசியில் பாக்கெட் அனுமதித்தது ஒரு பழைய ஏஸ் 250. விற்க வந்த தம்பி, "சத்தமே இல்லாம சூப்பரா வேலை செய்யும்ணே" என்று கொடுத்தார். உண்மைதான், சத்தமே இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க மனையை உழுதோம். மூன்று ஆணி கூடச் சிக்கவில்லை. ராத்திரி திரையை உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது: 'காயின்ஸ்' மோடில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அதில் இரும்பு, அலுமினியத் தாள் எல்லாம் தள்ளுபடி. சின்னத் தங்கமும் அலுமினியத் தாளும் மெஷின் காதுக்கு ஏறக்குறைய ஒரே குரல். குப்பை வேண்டாம் என்றால் தங்கமும் வேண்டாம் என்றே அர்த்தம்.

இன்னொரு சிக்கல், செயின். மெல்லிய செயின் டிடெக்டருக்கு ஒரே பொருள் இல்லை. நூறு குட்டி வளையம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக முணுமுணுக்கும், மொத்தமாகக் கத்தாது. ஆனால் அதில் கோத்த தாலி கெட்டியான ஒரே துண்டு. அதுதான் எங்கள் நம்பிக்கை.

மறுநாள் 'ஆல் மெட்டல்' மோடு. சென்சிடிவிட்டியைக் குறைத்தோம், செம்மண் புலம்பல் அடங்கியது. வட்டைத் தரையோடு ஒட்டி, பெருக்குகிற மாதிரி மெதுவாக. கம்பி மத்தாப்புக் குச்சி, பிளேடு, பதினோரு மூடி. எல்லாவற்றையும் தோண்டினோம். கத்தரிச் செடி வேருக்குப் பக்கத்தில் நாலு விரல் ஆழத்தில் அடுத்த சத்தம். அக்கா குனிந்து மண்ணைத் தள்ளினார். அப்புறம் அந்த மனையில் யாரும் பேசவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஒரு வாரம் கழித்து அதே வீட்டுக்காரர்: "சார், மெஷின் சும்மாதானே கிடக்கு? கண்மாய்ப் பக்கம் ஒரு சுத்து போவமா? பழைய காசு கிடைக்கும்கிறாய்ங்க."

மெஷினின் மிகப் பெரிய குறை எந்த விளம்பரத்திலும் இல்லாத இந்த ஆசைதான். 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்லச் சொல்கிறது. மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது தனிக் குற்றம்.

சட்டத்தை விடுங்கள். 2009-ல் இங்கிலாந்தில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் ஒரு பழைய டிடெக்டரோடு வயலில் நடந்து ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலைக் கண்டெடுத்தார். மதிப்பு 32 லட்சம் பவுண்டுக்கு மேல். செகண்ட் ஹேண்ட் ஆசாமிகள் எல்லோரும் சொல்லும் கதை. சொல்லாத பாதி: அவர் உரிய இடத்தில் தகவல் கொடுத்தார், தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். பரிசுப் பணத்தில் பாதி நிலத்துக்காரருக்குப் போனது.

நம் ஊருக்கு வாருங்கள். ஆனையூரிலிருந்து பஸ் ஏறினால் கீழடி ஒன்றும் தூரமில்லை. 2014-15 பருவத்தில் தொடங்கிய அகழாய்வு. அங்கே தமிழ்நாட்டை நிமிர வைத்தது தங்கமா? பானை ஓடு. அதில் கீறிய தமிழி எழுத்து, 'குவிரன் ஆதன்' மாதிரிப் பெயர்கள். செங்கல் சுவர். சுடுமண் பொம்மை. இவை அத்தனைக்கும் மேல் நம் டிடெக்டரை ஆட்டிப் பாருங்கள். ஒரு 'கீ' கூட வராது. காசைத் தேடி அந்த மண்ணைக் கிளறுகிறவன், எது எந்த அடுக்கில் கிடந்தது என்ற கணக்கைக் கலைத்துவிட்டு, ஓட்டை உதைத்துத் தள்ளிவிட்டுப் போவான்.

ஆகவே என் விமர்சனம் இது. தொலைத்தது உங்கள் பொருள், தேடுவது உங்கள் மண், ஆழம் ஒரு சாண். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பழைய மெஷின் நல்ல மெஷின், தாராளமாக வாங்குங்கள். தொலைக்காததைத் தேடப் போகிறீர்கள் என்றால் புது மெஷினும் தண்டம்.

கண்மாய்க்கு நாங்கள் போகவில்லை. மெஷின் இப்போது அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. தெருவில் யார் மோதிரம் தொலைத்தாலும் இரவல் உண்டு. ஒரே கண்டிஷன்: பென்சில் செல் நீங்கள் வாங்கி வர வேண்டும்.