திருத்தப்பட்ட சாட்சியம்: வட கொரிய முகாம் தன்வரலாறுகள் இரண்டு

வட கொரிய அரசியல் கைதி முகாம்களிலிருந்து மீண்டோரின் தன்வரலாறுகள் பெரும்பாலும் ஆவணங்களாகவே வாசிக்கப்பட்டுள்ளன. அவ்வாசிப்பின் போதாமையை வெளிப்படுத்தியது, 2015 சனவரியில் ஷின் டாங்-ஹ்யுக் செய்த திருத்தம். அமெரிக்க இதழாளர் பிளெயின் ஹார்டன் அவரது வாழ்வை எழுதி 2012இல் வெளியிட்ட ‘முகாம் 14இலிருந்து தப்பித்தல்’ நூல், 14ஆம் முகாமிலேயே பிறந்து வளர்ந்த ஷின், 2005இல் மின்வேலியில் சிக்கி இறந்த தோழரின் உடல்மேல் ஊர்ந்து வெளியேறியதைக் கூறுகிறது. அந்நூலின் சில நிகழ்வுகள் ஆற்றுக்கு அப்பாலுள்ள 18ஆம் முகாமில் நடந்தவை என்றும், தாம் வதைக்கப்பட்டது 13 வயதில் அன்று, 20 வயதில் என்றும் பின்னர் அவரே தெரிவித்தார்.

இத்திருத்தம் சிறியதன்று. 18ஆம் முகாமின் கட்டுப்பாடு ஒப்பீட்டளவில் தளர்வானது. ஆகவே நூலின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. எனினும், இதனைக் கொண்டு முகாம்களைப் பற்றிய சாட்சியம் அனைத்தையும் பொய்யெனத் தள்ளுவோருடன் உடன்பட இயலவில்லை. ஐ.நா. விசாரணை ஆணையத்தின் 2014ஆம் ஆண்டு அறிக்கை, 80க்கு மேற்பட்டோரின் பொதுச் சாட்சியங்களையும் 240 இரகசிய நேர்காணல்களையும் அடிப்படையாகக் கொண்டது.

கூர்ந்து நோக்கத்தக்கது வேறொன்று. சியோலில் 2007இல் வெளியான தமது கொரிய நூலில், தாயும் தமையனும் கொல்லப்பட்டதைச் சொன்ன ஷின், அவர்களது தப்பியோடும் திட்டத்தைக் காவலரிடம் தெரிவித்தவர் தாமே என்பதை மறைத்தார். ஹார்டனிடந்தான் அதனை ஒப்புக்கொண்டார். 2015இல் கதை மீண்டும் மாறியது. காட்டிக்கொடுப்பவனுக்குக் கூடுதல் உணவு கிடைக்கக்கூடிய இடத்தில் பேச்சு பிழைப்பதற்கான கருவி. வேலியைத் தாண்டியதும் அக்கருவியை அவர் கீழே வைத்துவிடுவார் என எதிர்பார்த்தது வாசகரின் பிழை. (‘தப்பித்தல்’ என்ற தலைப்பும் அவ்வெதிர்பார்ப்பை வளர்த்தது.)

காங் சோல்-ஹ்வானின் நிலை வேறு. பியேர் ரிகூலோவுடன் இணைந்து அவர் எழுதி, 2000இல் பிரெஞ்சில் வெளிவந்த ‘பியோங்யாங்கின் மீன்தொட்டிகள்’ நூலில், 9 வயதுச் சிறுவன் தன் வளர்ப்பு மீன்களோடு யோடொக் முகாமுக்குச் செல்கிறான். பத்தாண்டுகளுக்குப்பின் விடுவிக்கப்பட்டு, 1992இல் சீனா வழியே நாட்டைவிட்டுத் தப்புகிறான். அவனுக்கு முகாமுக்கு முந்தைய ஒரு வீடு இருந்தது. இழந்ததை அளக்க அந்த வீடே அளவுகோல். ஷின்னுக்கு அப்படியொன்று இல்லை. காங்கின் எடுத்துரைப்பில் உள்ள தெளிவை ஷின்னிடம் கோருவது பொருந்தாது.

திருத்தங்களை விளக்கும் புதிய முன்னுரையை ஹார்டன் பின்னர் எழுதியுள்ளார். பழைய படிகளைக் கொண்டு பாடம் நடத்துவோர் அம்முன்னுரையையும் உடன்வைத்தே வாசிப்பது இன்றியமையாதது.