நூலகர் எழுதிய புத்தகங்கள்

கணித மேதை இராமானுஜனைப் பற்றி 1967இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளிவந்தது. அவரோடு பழகியவர்களின் நினைவுகளைத் தேடித் திரட்டிச் சேர்த்த நூல். ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன். சேப்பாக்கத்துக்காரர்களுக்கு அவர் பல்கலைக்கழக நூலகர். நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்று நினைக்கும் ஊரில், புத்தகம் எழுதிய நூலகர்களைப் பற்றிப் பேச அவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை.

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆளரவமற்ற வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய வேலைக்குத் திரும்பக் கேட்டுப் போனார். லண்டனில் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்று அனுப்பினார்கள். அங்கே பெர்விக் சேயர்ஸிடம் படித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். எல்லா நூலகங்களுக்கும் சிக்கல் ஒன்றாகவே இருந்தது, ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய வழியில் சமாளித்துக்கொண்டிருந்தது. கணிதக்காரருக்கு அது பொறுக்குமா? இத்தனை நடைமுறைகளுக்கும் அடியில் சில அடிப்படை விதிகள் இருந்தாக வேண்டும் என்று தேடினார். அந்தத் தேடல்தான் 1931இல் வெளிவந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல். அதை வெளியிட்டது 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம். முன்னுரை எழுதியவர் மயிலாப்பூர் பி. எஸ். சிவசாமி ஐயர். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் நூல் நம்மூர்ச் சங்கம் ஒன்றின் வெளியீடு என்பதை நாம் போதுமான அளவு சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்புமுறை வந்தது. ‘தஞ்சைப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெற்பயிரைத் தாக்கிய நோய்கள்’ என்று ஒரு நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டூவி 1876இல் வகுத்த முறை, பொருள்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி எண் கொடுத்துவிடும். புதுப்பொருள் ஒன்று வந்தால் இருக்கும் இடத்தில் எங்கேயாவது ஒண்டிக்கொள்ள வேண்டும். ரங்கநாதன் பொருளை முதலில் பிரித்தார்: நெல், நோய், தஞ்சை, காலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பிறகு குறிகளைக் கோர்த்து அந்த நூலுக்கான எண்ணை உருவாக்கினார். லண்டன் கடையொன்றில் பார்த்த மெக்கானோ பொம்மை இதற்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். சில துண்டுகளைக் கொண்டு எத்தனையோ பொம்மை செய்யலாம் அல்லவா? இந்த முறை அச்சேறும் முன்பே பல்கலைக்கழக நூலகத்துப் புத்தகங்களில் சோதிக்கப்பட்டது. அவருடைய ஆய்வுக்கூடம் அந்த அலமாரிகள்தான். காலையில் வந்திறங்கிய புத்தகம் எந்த இடத்திலும் பொருந்தவில்லை என்றால், மாலைக்குள் கோட்பாட்டைத் திருத்தியாக வேண்டும். வேறு எந்தத் துறை ஆய்வாளருக்கும் இத்தனை கண்டிப்பான தேர்வாளர் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகம். 1950களில் தன் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரில் நூலக அறிவியல் பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தினார்.

ஆனால் இந்த மரபு ரங்கநாதனோடு தொடங்கியது என்று நினைப்பது தவறு. பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1886இல் நிறுவிய அடையாறு நூலகத்துக்கு 1905இல் இயக்குநராக வந்தவர் ஓட்டோ ஷ்ராடர் என்ற ஜெர்மானியர். 1908இல் அங்குள்ள உபநிடதச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை வெளியிட்டார். அட்டவணை என்றால் பெயர்ப் பட்டியல் என்று எண்ணிவிடக் கூடாது. ஓலைக்கு எண்ணெய் தடவி, மை பூசித் துடைத்து, எழுத்தைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். ஏடு எத்தனை, பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த லிபி, எங்கே முறிந்திருக்கிறது என்று குறிக்க வேண்டும். தொடக்க வரியையும் முடிவு வரியையும் படித்து எழுத வேண்டும். ஒரே கட்டுக்குள் மூன்று நூல்கள் கலந்திருக்கும். ஒரே நூல் இரண்டு பெயரில் உலவும். படிக்காமல் பட்டியல் போட முடியாது.

ஷ்ராடர் 1916இல் எழுதிய பாஞ்சராத்திர அறிமுக நூலைப் பார்த்தால் இது விளங்கும். வைணவ மரபின் பாஞ்சராத்திர ஆகமங்கள், சம்ஹிதைகள் எனப்படும் தம் மரபு நூல்களின் பெயர்களைத் தமக்குள்ளேயே வரிசையாகச் சொல்கின்றன. ஒன்றின் வரிசை மற்றொன்றோடு ஒத்துப்போவதில்லை. அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்களைத் திரட்டி, எவை கிடைக்கின்றன, எவை பெயரளவில் நிற்கின்றன என்று காட்டினார். வைணவ ஆகம ஆய்வில் பிறகு வந்தவர்கள் இந்த நூலைத் தொடாமல் போக முடியவில்லை. அதன் நடுவில் இருப்பது ஒரு நூலகரின் பட்டியல். அது அச்சாகும்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானியர் என்பதால் ஆங்கில அரசு அவரைக் காவலில் வைத்திருந்தது.

1935இல் சென்னைப் பல்கலைக்கழக சமஸ்கிருதத் துறை தொடங்கிய ‘நியூ கேட்டலாகஸ் கேட்டலாகரம்’ என்ற சமஸ்கிருதச் சுவடிப் பட்டியல்களின் பெரும்பட்டியல் பேராசிரியர்களின் பணி, வே. ராகவனின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. அதன் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால், ஏதோ ஓர் ஊர் நூலகத்தில் யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து போட்ட பட்டியல் இருக்கிறது. பெசன்ட் நகர் உ. வே. சாமிநாதையர் நூலகம் தன்னிடமுள்ள சுவடிகளிலிருந்து பதிப்புகள் வெளியிட்டுவருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து வளர்ந்த தரமணி நூலகம், ஐராவதம் மகாதேவனோடு சேர்ந்து 2007இல் சிந்துவெளி ஆய்வு மையத்தையே தொடங்கியது.

இன்றைய நிலைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு நூலகரை ஆசிரியர்களோடு ஒத்த கல்விப் பதவியில் வைத்திருக்கிறது. 2018 விதிமுறைகளின்படி பல்கலைக்கழக நூலகராக முனைவர் பட்டம் வேண்டும். நல்லதுதான். ஆனால் வெளிவரும் கட்டுரைகளில் எத்தனையோ, மாணவர்கள் மின்னூல்களை வாரத்துக்கு எத்தனை முறை பார்க்கிறார்கள் என்ற வினாத்தாளும் விழுக்காட்டு அட்டவணையுமாகவே முடிந்துவிடுகின்றன. கல்லூரிப் பெயரை மாற்றினால் கட்டுரையும் மாறிவிடும். எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். நூற்பட்டியலை ஆய்வாக மதிக்காத மதிப்பீட்டு முறைமீதுதான் எனக்கு வருத்தம். ஈழத்தில் நூலகராக இருந்து பிரிட்டனுக்குப் புலம்பெயர்ந்த என். செல்வராஜா, தொகுதிக்கு 1000 ஈழத்து நூல்கள் என்று ‘நூல்தேட்டம்’ தொகுத்துவருகிறார். அதைப் புரட்டாமல் ஈழத்து எழுத்தைப் பற்றி யாரும் ஆய்வு செய்ய முடியாது. அதைவிடப் பெரிய ஆய்வு எது?

தென்சென்னைக் கல்லூரி ஒன்றின் நூலகத்துக்கு 1930களின் மாத இதழ் ஒன்றைத் தேடிப் போயிருந்தேன். நூலகர் அம்மா முதுகு அட்டையைப் பார்த்ததுமே, “சார், இதுல போட்டிருக்கிற வருஷம் தப்பு. உள்ளே ரெண்டு வருஷம் கலந்து பைண்டு பண்ணிட்டாங்க” என்றார். மேசை இழுப்பறையிலிருந்து நீளமான கோடுபோட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். அங்கிருக்கும் பழைய இதழ்கள் அனைத்துக்கும் எந்த மாதம் இருக்கிறது, எது இல்லை, எந்தப் புனைபெயர் யாருடையது, தொடர்கதை எந்த இதழில் அறுந்துபோனது என்று பல வருடங்களாகக் குறித்துவைத்திருந்தார். எனக்கு வேண்டிய கட்டுரை இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

இதை அச்சுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டேன். “இது கணக்கில வராது சார்” என்றார். அவர் அடுத்த ஜூனில் ஓய்வு பெறுகிறார். நோட்டில் இன்னும் பத்துப் பதினைந்து பக்கம்தான் பாக்கி.