மௌனத்தை வாக்காக எண்ணுதல்

உத்திரமேரூர் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் குடவோலை முறையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். மக்களாட்சி பிறந்த ஊர் என்று பாடப்புத்தகமும் சொல்கிறது, மேடையும் சொல்கிறது. தமிழ் கற்பிக்கும் நான், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளை, மற்ற பிரதிகளை வாசிப்பதுபோலவே வாசிக்கிறேன். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. இரண்டாவது கல்வெட்டின்படி, குடத்தில் ஓலை விழ வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். இது ஒரு பிரம்மதேய ஊரின் சபை. உழுதவர்களுக்கு ஓலை இல்லை. எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

ஆனால் பெண்கள் அந்தக் கல்வெட்டில் அறவே இல்லாமல் போகவில்லை. கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினரின் உறவினர்களும் தகுதி இழக்கிறார்கள். அந்த உறவினர் பட்டியலில் தாயின் சகோதரி மகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன் என்று வருகிறது. ஓர் ஆணிலிருந்து இன்னோர் ஆணுக்குப் போகும் வழியாகவே பெண் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறாள். அவள் என்ன நினைத்தாள் என்பதைக் கேட்க அந்தச் சபைக்குத் தேவை இருக்கவில்லை.

எந்தத் தேர்தலைப் பற்றிய ஆவணத்தையும் இந்த இடத்திலிருந்து வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். யார் பேசவில்லை? அவர்கள் பேசாததை இந்த ஆவணம் என்னவென்று கணக்கில் எழுதிக்கொள்கிறது? இந்தக் கேள்விகளோடு நான் வாசிக்க விரும்புவது, கடலுக்கு அப்பால் உள்நாட்டுப் போரின் நடுவில் நடந்த ஒரு தேர்தலை.

1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கையில் மாகாண சபைகள் உருவாயின. தற்காலிகமாக இணைக்கப்பட்ட வடக்கு கிழக்கு மாகாணத்துக்கு 1988 நவம்பர் 19 அன்று தேர்தல். அப்போது இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. புலிகள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிடவில்லை. மொத்தம் 71 இடங்கள். கிழக்கின் 35 இடங்களுக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணிக்கு 17, முஸ்லிம் காங்கிரசுக்கு 17, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 1. வடக்கின் 36 இடங்களில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஈபிஆர்எல்எஃப் 24, ஈஎன்டிஎல்எஃப் 12 என்று அவை பங்கிடப்பட்டன. அந்த 36 பேரும் ‘போட்டியின்றித் தெரிவு’ செய்யப்பட்டார்கள். டிசம்பரில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார்.

‘போட்டியின்றித் தெரிவு’ என்பதில் ‘தெரிவு’ என்ற சொல் ஏன் இருக்கிறது? தெரிவதற்கு இரண்டாவது ஒன்று வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் வேண்டும். யாழ்ப்பாணத்து வாக்காளருக்கு இரண்டும் இல்லை. ஒரு பக்கம் தேர்தலை நடத்தியே தீர வேண்டும் என்ற படை, மறுபக்கம் அதில் கலந்துகொள்பவர் துரோகி என்ற துப்பாக்கி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாகாணம் வாயை மூடிக்கொண்டது. அந்த மூடிய வாயைச் சட்டம் ஆமோதிப்பு என்று பதிந்துகொண்டது. எதிர்த்தரப்பு அதையே புறக்கணிப்பு என்று பதிந்துகொண்டது.

பெண்களுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்லித்தானே நம் வீடுகளில் கல்யாணம் நிச்சயிக்கப்படுகிறது. பெண் தலை குனிந்து நின்றால் வெட்கம். வெட்கம் என்றால் சம்மதம். அவளுக்கு அங்கே ‘மாட்டேன்’ என்று சொல்ல இடமிருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. போர்க்காலத் தேர்தல் ஒரு மாகாணத்தையே அந்தப் பெண்ணின் இடத்தில் நிறுத்துகிறது.

ஆனால் அந்த மண்ணின் பெண்கள் மௌனமாக இருக்கவில்லை. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி, கைதான பிள்ளைகளை விடுவிக்கச் சொல்லி ஊர்வலம் போனது. மட்டக்களப்பில் பூபதி, போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் கேட்டு 1988 மார்ச் 19 முதல் மாமாங்கேஸ்வரர் கோயில் முன்றலில் உண்ணாவிரதம் இருந்து ஏப்ரல் 19 அன்று இறந்தார். தேர்தலுக்குச் சரியாக ஏழு மாதம் முன்பு. இரு தரப்பையும் நோக்கி வைத்த அந்தக் கோரிக்கையை, பின்னால் அவரைத் தியாகியாக்கிய இயக்கம் ஒரு தரப்பின் கோரிக்கையாகச் சுருக்கியது. ‘அன்னை’ என்ற அடைமொழி பெரிதாகப் பெரிதாக, அவர் கேட்டது சிறிதாகிப் போனது.

சபை வந்த பிறகு நடந்தது இன்னும் கொடுமை. 1989இல் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்களும் சிறுவர்களும் தெருவிலிருந்து பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். யாரும் வாக்களிக்காமல் தெரிவான ஆட்சி, வாக்குக் கேட்காத வீட்டுக்குள் புகுந்து பிள்ளையைக் கேட்டது. முகாம் வாசல்களில் தாய்மார் நின்றார்கள். போரில் பெண்கள் பட்டதைச் சாட்சியங்களாகத் திரட்டி, ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களில் ஒருவரானவர் மருத்துவர் ராஜனி திராணகம. அவர் 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே கண்ணால் பார்த்ததுதான் அவர் செய்தது. 1990 மார்ச்சில் அமைதிப்படை வெளியேறியது, சபையும் கலைந்தது.

இது நம் பிரதேசத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 மார்ச்சில், வட கரோலினாவின் சாலிஸ்பரியில் சுமார் ஐம்பது பெண்கள், பெரும்பாலும் சிப்பாய்களின் மனைவிமார், கடைகளில் புகுந்து மாவை எடுத்துச் சென்றார்கள். அவர்களில் ஒருத்தி ஆளுநர் வான்சுக்குக் கடிதம் எழுதி நியாயம் கேட்டாள். 1864 ஆகஸ்டில் போர் நடக்கும்போதே நடந்த ஆளுநர் தேர்தலில் வான்ஸ் பெரும் வித்தியாசத்தில் வென்றார். மாவுக்காகத் தெருவில் இறங்கிய கைகளுக்கு வாக்குச்சீட்டு இல்லை.

போர்க்காலத்தில் தேர்தலே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிழக்கில் முஸ்லிம்கள் அந்த 1988 தேர்தலில்தான் தமக்கென ஒரு குரலைப் பெற்றார்கள். அதைப் போலி என்று ஒதுக்க எனக்கு உரிமை இல்லை. வடக்கு மக்கள் ஒரு மாகாண சபைக்கு முதன்முதலாக வாக்களித்தது 2013 செப்டம்பர் 21 அன்று. இறுதிப் போரில் சரணடைந்து காணாமலாக்கப்பட்ட கணவனைத் தேடிக்கொண்டிருந்த அனந்தி சசிதரன் அதில் 87,870 விருப்பு வாக்குகள் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அதைவிட அதிகம் பெற்றவர் முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரன் மட்டுமே. கேட்டால் அந்த மக்கள் பேசுவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனாலும் அந்தச் சபையின் ஆளுநரை மக்கள் தெரிவதில்லை, ஜனாதிபதி நியமிக்கிறார்.

நான் கேட்பது சிறியது. வாக்கெடுப்பு நடக்காத 36 இடங்களை ‘தெரிவான இடங்கள்’ என்று வரலாற்றில் எழுதாதீர்கள். வெற்றிடம் என்று எழுதுங்கள். எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பெருமையாகக் காட்டும்போதும், குடத்தில் விழாத ஓலைகளைப் பற்றி ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். பேசவில்லை என்பதும் பேசவிடவில்லை என்பதும் ஒன்றல்ல.