முற்றுப்பெறாத ஆலயமும் அதன் பாதுகாப்பும்

வேல்ஸ் நாட்டின் வடமேற்கில், டொல்கெத்லை நகருக்கு அருகே, மௌதாக், ஊனியன் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தையொட்டி, கம்மர் மடத்தின் இடிபாடுகள் நிற்கின்றன. 1198-இல் கும்ஹீர் மடத்திலிருந்து வந்த சிஸ்டர்சியன் துறவியர் இதனை நிறுவினர். இன்று இது வேல்ஸ் அரசின் தொன்மைப் பாதுகாப்புத் துறையான 'கடூ'வின் பொறுப்பில் உள்ளது. 'காத்தல்' என்பதே அச்சொல்லின் பொருள். எதைக் காக்கிறோம் என்னும் கேள்வியை இச்சிறு மடம் நம்முன் வைக்கிறது.

இங்குக் காணப்படுவன யாவும் இடிபாடுகள் அல்ல. திட்டமிடப்பட்ட குறுக்குக் கூடங்களும் கீழ்ப்புறத் திருமுற்றமும் கட்டப்படவே இல்லை. வறுமையும் போரும் கட்டுவோரின் கைகளைத் தடுத்தன. போரினால் நேர்ந்த சேதத்துக்காக 1284-இல் முதலாம் எட்வர்டு 80 பவுன் ஈடு வழங்கினார். ஆயினும் ஆலயம் நிறைவுபெறவில்லை. சபைக்கூடமே முழு ஆலயமாயிற்று. 14-ஆம் நூற்றாண்டில் மேற்கே ஒரு சிறு கோபுரம் மட்டும் சேர்ந்தது. ஆகவே இதனைப் 'புதுப்பித்து முழுமையாக்க' முனைபவர், ஒருபோதும் இருந்திராத ஓர் ஆலயத்தையே கட்டுவார். எஞ்சிய சுவர்களை உறுதிப்படுத்தி, இருப்பதை இருந்தபடியே விடும் கொள்கை உண்மைக்கு உகந்தது என்றே கருதுகிறோம்.

எனினும், நமக்கு ஒரு மனக்குறை உண்டு. இடிபாட்டின் அழகை மட்டும் புகழ்வோர், வறுமை, போர், அரச ஆணை ஆகிய மூன்றின் செயலையும் ஒரே பாசியால் மூடிவிடுகின்றனர். சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் மூன்றாவதை மறைப்பது தகாது. ஆண்டு வருவாய் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களை ஒழிக்க 1536-இல் சட்டம் இயற்றப்பட்டது. கம்மரின் மதிப்போ ஏறத்தாழ 51 பவுன். சிறு மடங்களில் பாவம் மலிந்துள்ளது என்றும், பெரிய மடங்களில் சமயவொழுக்கம் நன்கு பேணப்படுகிறது என்றும் அச்சட்டத்தின் முகவுரை கூறியது. ஆனால் 1540-க்குள் பெரிய மடங்களும் மூடப்பட்டன. அளவுகோல் பரிசுத்தமா, வருவாயா? விசுவாசத்தினால் நீதிமானாகுதல் என்னும் போதனைக்கும் அரசனின் கருவூலத் தேவைக்கும் உள்ள வேறுபாட்டை நம் மாணவர்கள் தெளிவாக அறிய வேண்டும். முன்னதை அறிக்கையிடுகிற நாம், பின்னதை வெற்றியாகக் கொண்டாட வேண்டியதில்லை.

1890-இல் அருகிலுள்ள மலைப்பள்ளத்தாக்கில், வெள்ளியில் செய்து பொன் முலாம் பூசப்பட்ட 13-ஆம் நூற்றாண்டுத் திருவிருந்துக் கிண்ணமும் அப்பத்தட்டும் கண்டெடுக்கப்பட்டன. அவை கம்மர் மடத்துக்கு உரியவை என்றும், மடம் மூடப்பட்டபோது ஒளித்துவைக்கப்பட்டிருக்கலாம் என்றும் கருதப்படுகிறது. ஹெரிபோர்டைச் சேர்ந்த நிக்கோலாஸ் செய்தது என்னும் பொறிப்பு கிண்ணத்தில் உண்டு. மடத்தை மூடிய முடிக்கே அவை புதையலென உரியவாயின. இன்று வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன. அவற்றைத் திறந்தவெளி இடிபாட்டுக்குத் திருப்பியனுப்பக் கோருவது பேதைமை. ஆயினும், கிண்ணம் பகிர்ந்து பருகுவதற்கே உண்டாக்கப்பட்டது. கண்ணாடிப் பேழை அதன் வெள்ளியைக் காக்கும், அதன் பணியைக் காக்காது.

கல்லைக் காப்பது அரசின் கடமை. அக்கல் ஏன் சரிந்தது என்பதை உண்மையாய்ச் சொல்வது திருச்சபையின் கடமை. திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் குருமார், பிறர் இடித்ததோடு நம்மவர் இடித்ததையும் எண்ணிச் சொல்வார்களாக.